மலையகத்தில் தனியாகச் சைக்கிள், இரவில் கூடாரம்: ஆகஸ்ட் பயணத்துக்கு ஆலோசனை தேவை

வவுனியா வண்டி:

வணக்கம். ஆகஸ்ட் நடுப்பகுதியில் தனியாகச் சைக்கிளில் மலையகம் போக இருக்கிறேன். கண்டி, கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, கடைசியில் கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறக்கம். ஆறு நாள் கையில் இருக்கிறது. அறை எடுக்காமல் முடிந்தவரை கூடாரத்தில்தான் தங்க எண்ணம்.

26 அங்குல மவுண்டன் பைக். முன்னால் 42/34/24 பல், பின்னால் 7 கியர் 14–28 பல், வி-பிறேக். பின் கரியரில் இரண்டு பை, சாமான் எல்லாம் சேர்த்து 18 கிலோ வரும். எங்கே கூடாரம் அடித்தால் பிரச்சினை வராது? இந்தக் கியர் இறம்பொடை ஏற்றத்துக்குக் காணுமா? ஓடைத் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கலாமா? தெரிந்த அண்ணாமார், அக்காமார் சொல்லுங்கள்.

பீலிக்கரை:

தம்பி, மலையகத்தில் ஆளில்லா நிலம் என்று ஒன்று கிடையாது. ரோட்டோரம் வெறுமையாகத் தெரிகிற புல்தரையும் ஏதோ ஒரு தோட்டத்தின் ஏதோ ஒரு நம்பர் மலைதான், அதாவது இலக்கமிட்ட தேயிலைப் பகுதி. அது இல்லையென்றால் வன இலாகாவின் காடு, இல்லையென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் எல்லை. காட்டுக்குள் அனுமதியில்லாமல் கூடாரம் அடித்தால் சட்டப்படி குற்றம். ஆகவே மறைந்து தங்குகிற யோசனையை விட்டுவிட்டு, கேட்டுத் தங்குகிற யோசனைக்கு வாருங்கள். பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது.

மாலை நான்கு மணிக்கே கேட்கத் தொடங்க வேண்டும். இருட்டிய பிறகு முகம் தெரியாத ஆள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கம் டோர்ச் அடித்துக்கொண்டு வந்தால் யாருக்கும் பயம் வரும். கோயில் பக்கம் இருக்கிற பெரியவர், தோட்டத் தலைவர், கணக்கப்பிள்ளை, இவர்களில் ஒருவரைப் பிடித்து, "ஒரு ராத்திரி மட்டும் டெண்ட் போட்டுக்கலாமாண்ணே, காலைல ஆறு மணிக்கெல்லாம் கெளம்பிருவேன்" என்று நேராகக் கேளுங்கள். கேட்கும்போதே அடையாள அட்டையைக் காட்டிவிடுங்கள். துரையிடம் (தோட்ட முகாமையாளர்) சொல்ல வேண்டுமென்றால் அவர்களே சொல்லுவார்கள். கோயில் முற்றம், தோட்டத்து மைதானம், சனசமூக நிலையத்து விறாந்தை மூன்றும் நல்ல இடங்கள். மழை பிடித்தால் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான கொழுந்து மடுவத்தை விடச் சிறந்த இடம் இல்லை: கூரை இருக்கும், தரை சீமெந்து. ஆணி அடிக்க முடியாது என்பதால் தானாக நிற்கிற டோம் கூடாரம் வேண்டும். காலையில் கொழுந்து நிறுக்க வருமுன் ஒதுக்கிவிடுங்கள். கோயில் பக்கம் என்றால் மாமிசம் சமைக்க வேண்டாம்.

இடத்தைப் பார்க்கும்போது முதலில் மேலே பாருங்கள். மரக்கிளையிலோ பாறை நெற்றியிலோ குளவிக்கூடு தொங்கினால் அங்கே நிற்கவே வேண்டாம். கொழுந்து எடுக்கிறவர்கள் வருடா வருடம் குளவிக்கொட்டுக்கு ஆளாகிறார்கள், உயிரும் போகிறது. அடுப்புப் புகை பட்டாலும் குளவி கலையும். அடுத்து மண். ரோட்டுக்காக வெட்டிய கரைக்குக் கீழே, கல்கட்டுக்குக் கீழே, கானுக்குள்ளே (வடிகால்) படுக்கக் கூடாது. தரையில் புதிதாக வெடிப்பு, ஒரே பக்கமாகச் சாய்ந்த மரங்கள், தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது, இவற்றில் எது தெரிந்தாலும் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். நீங்கள் போகிற கொஸ்லந்தைப் பாதையில் உள்ள மீரியபெத்தையில்தான் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். செம்மஞ்சள் வந்தாலே அந்தப் பிரதேசத்தில் கூடாரம் வேண்டாம்.

தண்ணீர்: தேயிலைக்கு நடுவே வருகிற ஓடையை வடிகட்டியும் குடிக்காதீர்கள். பயண வடிகட்டிகளில் பெரும்பாலானவை கிருமியை நிறுத்தும், களைநாசினியையும் உரத்தையும் நிறுத்தாது. கொதிக்க வைத்தாலும் அது போகாது. லயத்துப் பீலியில் (குழாய்வழி விழுகிற ஊற்றுத் தண்ணீர்) பிடியுங்கள், தண்ணீர் மேலே காட்டிலிருந்து வருகிறதா என்று கேட்டுவிட்டு. பிறகு ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும், கிருமி சாக அது போதும்.

செயின்கவர்:

கியருக்கு வருகிறேன். 24/28 (முன்னால் 24 பல், பின்னால் 28 பல்) என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 1.78 மீற்றர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6.4 கி.மீ. வெறும் வண்டிக்குப் பரவாயில்லை. 18 கிலோவோடு இறம்பொடைக்கு மேலே உள்ள வளைவுகளில் அந்த 60 சுற்று வராது, 40க்கு விழும், அப்போது முழங்கால்தான் சுமக்கும். கம்பளை 500 மீற்றருக்குக் கிட்ட, நுவரெலியா 1,868. இடையில் ஏறத்தாழ 55 கி.மீ. அதில் கடைசி மூன்றிலொரு பங்குதான் ஆளைக் கொல்லும்.

14–34 மெகாரேஞ்ச் பிரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) மாட்டுங்கள். 24/34 உடன் அதே 60 சுற்றுக்கு 5.3 கி.மீ. வேகம், அதாவது காலுக்கு ஆறிலொரு பங்கு சுமை குறைவு. ஆனால் பிரீவீலை மட்டும் மாற்றினால் வேலை முடியாது. பெரிய பல்லில் 6 பல் கூடுவதால் செயினில் இரண்டு அங்குலம், அதாவது இரண்டு சோடி கண்ணி, கூட வேண்டும். பழைய நீளத்தோடு 42க்கும் 34க்கும் தவறிப் போட்டால் டெரெய்லர் (செயினைக் கியர் மாற்றுகிற கை) முறுகி சக்கரக் கம்பிக்குள் பாயும், பயணம் அங்கேயே நிற்கும். டெரெய்லர் நீளக் கைக்காரனா, 34 பல் தாங்குமா என்று முதலில் பாருங்கள். டெரெய்லரின் மேல் சில்லு பின் பல்லில் உரசினால் அதன் இடைவெளித் திருகாணியான பி-ஸ்குரூவை உள்ளே திருப்பி இடைவெளி விடுங்கள். எதற்கும் கம்பளைக்கு வருமுன் ஒரு கிழமை ஓட்டிப் பாருங்கள். பழைய செயின் தேய்ந்திருந்தால் புதுப் பல்லில் தாவும்.

ஏற்றத்தை விட எனக்குப் பயம் உங்கள் இறக்கம். அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கும் பிறகு வெல்லவாயவுக்கும் இறங்கும்போது பிறேக்கை மெல்லப் பிடித்தபடியே வந்தால் ரிம் சுட்டு டியூப் வெடிக்கும். நேரில் விட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிறேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து, மறுபடி விட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நின்று ஈர விரலால் ரிம்மைத் தொடுங்கள். சுர்ரென்றால் ஆறும்வரை காத்திருங்கள். மழையில் ரிம் நனைந்தால் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்கு பிறேக் பிடிக்காது, முன்கூட்டியே லேசாகத் தொட்டுத் துடைத்துவிடுங்கள். சேறும் மணலும் சேர்ந்தால் ஒரே நாளில் ரப்பர் பாதியாகும். இரண்டு சோடி பிறேக் ரப்பர், மூன்று டியூப், பின் சக்கரத்தின் செயின் பக்கத்துக்கு அளவான நான்கு கம்பி, ஒரு கியர் கேபிள் கட்டாயம். 26 அங்குல டயர், டியூப் சின்ன ஊர்க் கடைகளிலும் கிடைக்கும், அந்த வகையில் உங்கள் வண்டி நல்ல தெரிவு.

18 கிலோவும் பின் கரியரிலா? அது வேண்டாம். கொண்டைஊசி வளைவில் முன் சக்கரம் தூக்கும். கூடாரத்தையும் படுக்கையையும் ஹேண்டிலில் கட்டுங்கள்.

வெலிமடைக் காற்று:

ஆகஸ்டில் தென்மேல் பருவக்காற்று நடக்கிறது. ஹட்டன், நாவலப்பிட்டி, இறம்பொடைப் பக்கம் நனையும். ஹக்கலை தாண்டி ஊவா மாகாணத்துக்குள் இறங்கினால் அதே நாளில் தரை காய்ந்திருக்கும். அதனால் மேற்குச் சரிவில் ஒரே இரவோடு நிறுத்தி, மிச்சத்தை வெலிமடைக்குப் பிறகு வையுங்கள். ஆனால் ஊவாவில் காற்று பலம். அப்புத்தளையில் மலை முகட்டில் கூடாரம் அடித்தால் கம்பி வளையும். காற்றுக்கு மறைவான பக்கம் இறங்கி, எல்லாக் கயிறையும் கட்டுங்கள். மானாப்புல் மலைகளில் இந்த மாதங்களில் தீ பரவும், விறகு மூட்டவே வேண்டாம்.

தரைவிரிப்பின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே ஒரு விரல் நீட்டினாலும் மழைத்தண்ணீரை வாங்கி உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவரும். நான்கு பக்கமும் உள்ளே மடித்து விடுங்கள்.

இரவில் மரக்கறித் தோட்டங்களுக்குள் குறுக்கே நடக்காதீர்கள். காட்டுப்பன்றிக்காகச் சுருக்கும், சில இடங்களில் களவாக மின்கம்பியும் போட்டிருப்பார்கள். தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. தெருநாய் உங்களோடு ஒட்டிக்கொண்டால் கூடாரத்தடியில் படுக்க விடாதீர்கள், நாயைத் தேடித்தான் சிறுத்தை வரும்.

எசல பெரஹரா காலம் கண்டியில் மாலையில் ரோடு மூடுவார்கள். நாளைப் பார்த்துக்கொண்டு காலையிலேயே கிளம்புங்கள்.

வவுனியா வண்டி:

மிக்க நன்றி. பிரீவீல், செயின் இரண்டும் மாற்றுகிறேன். பியூட்டேன் காஸ் அடுப்பு நுவரெலியாக் குளிரில் எரியுமா? போகும் வழியில் ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு இரவு தங்க முடியுமா?

வெலிமடைக் காற்று:

எரியும். உறைபனி ஜனவரி, பெப்ரவரியில்தான். ஆகஸ்டில் அந்தளவுக்குப் போகாது. காலையில் சுவாலை சிறுத்தால் டின்னைக் கொஞ்ச நேரம் சட்டைக்குள் வைத்து எடுங்கள். அடுப்பை மட்டும் கூடாரத்துக்குள் பற்றவைக்க வேண்டாம், நச்சுவாயு சேரும். ஹோர்ட்டன் சமவெளி தேசிய பூங்கா. பகலுக்கு வாசலில் டிக்கட், இரவுக் கூடாரத்துக்கு வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். வாசலில் பொலித்தீனைப் பரிசோதித்து எடுத்துவிடுவார்கள், படுக்கையைத் துணிப்பையில் கட்டுங்கள். ஆறு நாளுக்குள் இதையும் நுழைக்காமல் விடுவது நல்லது என்பது என் எண்ணம்.

பீலிக்கரை:

அட்டைப்பூச்சிக்குச் சவர்க்காரத்தை சொக்ஸில் காய்ந்தபடியே தேயுங்கள், உப்பு மழையில் கரைந்துவிடும். ஏறிவிட்டால் நகத்தால் வாயோரமாகத் தள்ளி எடுங்கள், நெருப்பு வைக்காதீர்கள். அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவம் 117, பொலிஸ் 119. தங்குமிடத்தின் பெயரை ஒவ்வொரு மாலையும் வீட்டுக்கு மெசேஜ் போடுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடும், அதனால் மேலே நிற்கும்போதே அனுப்புங்கள். வெல்லவாயவில் கூடாரத்தைப் பையிலேயே வைத்துவிட்டு ஊருக்குள் அறை எடுங்கள். அதற்கு அப்பால் புத்தல, தணமல்வில பக்கம் யானை ரோட்டுக்கு வரும்.