கால்வாய் அடைத்த பிறகு குழிகளில் சிக்கும் ஆற்று மீன்கள்: உங்கள் அனுபவம்?

காவேரிப்பட்டணம் விவசாயி:

எங்கள் நிலம் கிருஷ்ணகிரி அணையின் இடதுபுறக் கால்வாயை ஒட்டியது. இரண்டு கால்வாய்களுமாக 9,012 ஏக்கருக்குத் தண்ணீர் தருகின்றன. எங்களுக்குச் சோறு போடும் அந்தத் தண்ணீரோடு தென்பெண்ணை ஆற்று மீன்களும் வந்துவிடுகின்றன. ஷட்டருக்கு அடியில் சீறும் வேகத்தை எதிர்த்து எந்த மீனாலும் அணைக்குத் திரும்ப முடியாது. போகம் முடிந்து ஷட்டரை இறக்கியதும் பாலத்தடியிலும் சைபன் (கால்வாய் நீர் தரைக்கடியில் போகும் குழாய்) வாயிலும் மட்டும் தண்ணீர் தேங்கும். மீன்கள் அங்கே ஒதுங்கும். கொக்கு வருவதற்கு முன்பே சிலர் மீனைக் கொன்று அள்ள பிளீச்சிங் பவுடரோடு வந்துவிடுவார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தண்ணீர் நின்ற மறுநாள், "அப்பா, பாலத்துக்குக் கீழே பெரிய பாம்பு" என்று என் மகள் ஓடிவந்தாள். போய்ப் பார்த்தேன். விலாங்கு! என் முழங்கை பருமன். முட்டையிடக் கடலுக்குப் போக வேண்டிய உயிர். குஞ்சாக இருந்தபோது சாத்தனூர் அணையைத் தாண்டி எப்படித்தான் ஏறி வந்ததோ, எங்கள் பாலத்தடிச் சேற்றில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நான்கு வாளைகள். வாளை இன்று, அழியும் ஆபத்தில் உள்ள இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் இருக்கும் மீன். என் சிறுவயதில் அதைத் தேடிப் போக வேண்டியதே இல்லை.

வலையோடு வந்த பையன்களிடம், "தம்பிகளா, ஜிலேபிக் கெண்டை முழுவதும் உங்களுக்கு. வாளையையும் விலாங்கையும் ஆற்றுக் கெளுத்தியையும் எனக்கு விட்டுவிடுங்கள்" என்று கேட்டேன். ஒப்புக்கொண்டதோடு அவர்களே இறங்கிப் பிடித்தும் கொடுத்தார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி எதையும் ஆற்றில் விடவில்லை. வளர்க்கவே தடை உள்ள மீன் அது, மற்ற மீன்களின் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

முதல் நடையில் தவறு செய்துவிட்டேன். டிரம்மில் போர்வெல் தண்ணீரை நிரப்பி, நடுப்பகலில் டிராக்டரில் ஏற்றிப் போனேன். பாதி மீன் செத்துவிட்டது. நான்கு வாளைகளில் இரண்டு போயின. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் குழித் தண்ணீரையே நிரப்பி, டிரம்முக்குப் பத்து மீனுக்கு மேல் போடாமல், நனைத்த சாக்கால் மூடி, பொழுது சாய்ந்த பிறகு கிளம்பினோம். அணைக்குக் கீழே ஆற்றில் ஒரு மடு இருக்கிறது. அதன் கரையில் அரை மணி நேரம் ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பிறகே விட்டோம். ஒன்றும் சாகவில்லை. விலாங்கு கையை விட்டதும் பாறை இடுக்கில் நுழைந்துகொண்டது.

ஒகேனக்கல் பரிசல் ஓட்டி:

அண்ணா, படித்ததும் நெஞ்சு நிறைந்தது. எங்கள் பக்கம் திமில் மஹாசீர் என்ற மீன் உண்டு. முதுகு திமில் போல உயர்ந்து, துடுப்பு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். காவிரியையும் அதன் துணையாறுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. 1946இல் கபினியில் பிடிபட்ட ஒரு மீன் 54 கிலோ. 2018இல் இதை, அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று அறிவித்தார்கள். ஆள் உயர மீன் பரிசலை உரசிக்கொண்டு போனதாகத் தாத்தா சொல்வார். நான் என் கையால் தொட்டது ஒரே ஒன்று. முழங்கை நீளம்கூட இல்லை. வலையை அறுத்து விட்டேன். வலையை விடவா அது பெரிது என்று அப்பா திட்டவில்லை, பேசாமல் நின்றார்.

இங்கே கால்வாயை விட, மீன் பிடிக்க வெடிக்கும் தோட்டாதான் பெரிய எமன். மடுவில் ஒரு தோட்டா வெடித்தால் தாயும் குஞ்சும் சேர்ந்து மிதக்கும். வெடி வைப்பதையும் விஷம் கலப்பதையும் 1897ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துவிட்டது. 2022இல் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்துக் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்த பிறகாவது இது அடியோடு நிற்க வேண்டும்.

தருமபுரி, ஓய்வுபெற்ற பொறியாளர்:

ஐயா, மீன் உள்ளே வராமலே தடுக்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் ஒரிகான் மாநிலத்தின் கிளாமத் பாசனத் திட்டத்தில், 1988இல் அழியும் இனங்களாக அறிவிக்கப்பட்ட இரண்டு சக்கர் மீன்களுக்காக, 2003இல் தலைமதகில் சல்லடைத் தடுப்பு அமைத்தார்கள். பாசனம் முடிந்து குட்டைகளில் சிக்கியவற்றைப் பிடித்துத் திரும்ப விடும் வேலையும் அங்கே நடந்திருக்கிறது, நீங்கள் செய்தது போலவே. கம்பி இடைவெளி சிறிதாக இருந்தால் மட்டும் போதாது. தடுப்பின் பரப்பு பெரிதாக இருந்தால்தான் முகப்பில் நீரின் வேகம் குறையும். இல்லாவிட்டால் குஞ்சுகள் கம்பியில் ஒட்டிக்கொண்டே சாகும். நம் ஊரில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அதை அடைத்துவிடும், சுத்தம் செய்ய ஆள் நிற்க வேண்டும். அதுவரை ஷட்டரை ஒரேயடியாக இறக்காமல் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்தாலே, மீன்கள் ஆழமான இடத்துக்கு நகர நேரம் கிடைக்கும்.

காவேரிப்பட்டணம் விவசாயி:

நன்றி ஐயா. இதைத்தான் கேட்கப் போகிறேன்: அடைக்கும் தேதியை ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள், மெதுவாக இறக்குங்கள். எங்கள் கால்வாயின் ஷட்டரைக் கவனிக்கும் லஸ்கர் போன முறை முந்தின இரவே போன் செய்தார், அதனால் பத்துப் பேர் தயாராக நின்றோம். இப்போது என்னிடம் நான்கு டிரம் இருக்கிறது, குறைந்தது எட்டு வேண்டும். வலதுபுறக் கால்வாயில் யாரும் இல்லை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் இங்கே எழுதுங்கள்.