மார்ட்டினி–ஹென்றியின் கரிக்கசடு: துடைப்பதா, ஊதுவதா, மெழுகை மாற்றுவதா?

மார்ட்டினி பிரியன்:
நேபாளத்துப் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து அமெரிக்கச் சந்தைக்கு வந்த மார்ட்டினி–ஹென்றி, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் படைத் துப்பாக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. குழல் நல்ல நிலையில் இருப்பதாகத் தொழில் தெரிந்தவர் சோதித்துச் சொன்ன பிறகே சுடத் தொடங்கினேன். வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த பழைய பாணிக் கருமருந்து மட்டும்தான். முதல் சில குண்டுகள் இலக்கில் நெருங்கி விழுகின்றன; பிறகு சிதறுகின்றன. துடைகோலை விட்டால் குழலின் பின்பாதியில் வழுக்கிக்கொண்டு போகிறது. வாய்ப்பக்கம், கடைசி ஒரு சாண் நீளத்தில் இறுகிக்கொள்கிறது. வெளியே வரும் துணியில் ஈரமான மசி இல்லை. உலர்ந்த சாம்பல்நிறப் பொருக்குதான் இருக்கிறது.

ஒவ்வொரு குண்டுக்கும் துடைக்க வேண்டும் என்கிறார்கள் சுடுதள நண்பர்கள். எனக்கு உடன்பாடு இல்லை. இது படைவீரனுக்காகச் செய்த துப்பாக்கி. 1879 ஜனவரி 22 அன்று, தென்னாப்பிரிக்காவில் சூலுக்களுடன் நடந்த போரில், ரோர்க்ஸ் டிரிப்டில் இரவெல்லாம் சுட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்குத் துடைத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. துடைக்காமல் சுடும் வழி அந்தத் தோட்டாவுக்குள்ளேயே இருந்தது. அதைத்தான் மீட்க வேண்டும்.

துடைகோல்:
ரோர்க்ஸ் டிரிப்ட் உங்கள் கட்சிக்கு உதவாது. அங்கே எதிரி சில கெஜத் தூரத்தில் நின்றான். கசடு ஏற ஏறத் துப்பாக்கியின் உதை கூடியது, குழல் கையில் பிடிக்க முடியாமல் கொதித்தது. தோள் கன்றிப்போகும்வரை சுட்டார்கள். துல்லியத்துக்கு அது அளவுகோல் ஆகாது.

1874 செப்டம்பரில் நியூயார்க்கின் கிரீடுமூரில் நடந்த போட்டியைப் பாருங்கள். 800, 900, 1000 கெஜத் தூரங்கள். குழல்வாய் வழியாக மருந்து நிரப்பும் ரிக்பி துப்பாக்கிகளுடன் வந்த அயர்லாந்து அணி 931 புள்ளி; குழலின் பின்பக்கம், அதாவது பின்வாயில், தோட்டா நிரப்பும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் துப்பாக்கிகளுடன் நின்ற அமெரிக்க அணி 934. அந்தக் காலத்து நெடுந்தூரப் போட்டியாளர்கள் பின்வாய்த் துப்பாக்கி கைக்கு வந்த பிறகும் துடைப்பதை விட்டுவிடவில்லை. ஒரு ஈரத்துணி, ஓர் உலர்துணி, அடுத்த குண்டு. ஒவ்வொரு குண்டும் ஒரே நிலையில் உள்ள குழல் வழியாகப் போகிறது. இதைவிட நம்பகமான முறை கிடையாது.

உப்பும் கரியும்:
இருவரும் கசடு எதனால் ஆனது என்பதைப் பேசவில்லை. கருமருந்து எரிந்தால் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. மார்ட்டினி தோட்டாவில் 85 கிரெய்ன் மருந்து, அதாவது சுமார் 5.5 கிராம். ஒரு குண்டுக்கு ஏறக்குறைய 3 கிராம் திடக்கழிவு! பெரும்பகுதி வெண்புகையாக வெளியேறுகிறது, மிச்சம் குழலில் ஒட்டுகிறது. பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு, கொஞ்சம் எரியாத கரி.

இதில் கார்பனேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மழைக்கால மாலையில் கசடு தானாகவே இளகிவிடும். வறண்ட பகலில், சூடேறிய குழலில், கல்லாக இறுகும். ஆகவே ஈரத்தை எப்படிக் காப்பது என்பதுதான் கேள்வி. மார்ட்டினி பிரியன் அவர்களே, குண்டுக்கு என்ன மசகு பூசுகிறீர்கள்?

மார்ட்டினி பிரியன்:
கடையில் கிடைக்கும் கெட்டியான நீலநிற மெழுகு, ஐயா. குண்டின் பள்ளங்களில் நிரப்புகிறேன்.

மலைநாட்டு ஷார்ப்ஸ்:
நோய் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கெட்டி மெழுகு இன்றைய துப்பாக்கிகளின் புகையில்லா மருந்துக்காகச் செய்தது. கருமருந்துக் கசடை அது இளக்காது. மார்ட்டினியின் குழல் 33 அங்குலம். பாதி வழியிலேயே மசகு தீர்ந்துவிடுவதால்தான் கடைசிச் சாண் வறண்டுபோகிறது. தேன்மெழுகுடன் ஆட்டுக்கொழுப்போ ஆலிவ் எண்ணெயோ சேர்த்து, விரல் அழுத்தினால் பதியும் பதத்தில் காய்ச்சுங்கள். சுட்ட பின் குழல்வாயைச் சுற்றிப் பிசுபிசுப்பான நட்சத்திர வடிவம் படிந்தால் மசகு கடைசிவரை வந்திருக்கிறது என்று பொருள்.

நான் இருப்பது நியூ மெக்சிகோவின் வறண்ட மலைப்பகுதி. இங்கே மசகு மட்டும் போதாது, ஊதுகுழலும் வேண்டும். வெற்றுத் தோட்டா உறையின் அடியில் துளையிட்டுப் பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் அதுதான் ஊதுகுழல். பின்வாயைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, உறையைச் செருகி மெதுவாக, நீளமாக ஊத வேண்டும். மூச்சின் ஈரம் போய்ப் படியும்.

துடைகோல்:
ஒவ்வொருவர் மூச்சும் ஒரு விதம், ஒரே ஆளின் மூச்சும் காலையில் ஒரு விதம், மதியம் ஒரு விதம். அதை நம்பி எப்படிக் குறிபார்ப்பது? இன்னொன்றையும் கவனியுங்கள். தோட்டா அமரும் அறை ஈரமானால் உறை சுவரைப் பற்றாமல் பின்னால் தள்ளும். நூற்றிருபது, நூற்றைம்பது ஆண்டுப் பழைய பூட்டின் (பின்வாயை அடைக்கும் பொறியின்) மேல் அந்தச் சுமை விழும்.

மலைநாட்டு ஷார்ப்ஸ்:
அதனால்தான் வெறும் குழாயை வைக்காமல் உறையைச் செருகுகிறோம். உறை அறைச்சுவரை மூடிக்கொள்ளும்; ஈரம் அதற்கு முன்னால்தான் போகும். நீங்கள் வாய்ப்பக்கமிருந்து துடைகோல் விடும்போது கசடு முழுவதும் அந்த அறைக்குள்தான் தள்ளப்படுகிறது. அதைத் தனியாகத் துடைக்கிறீர்களா?

மார்ட்டினி பிரியன்:
நான் முதலில் சொன்னதற்கே இது வந்து சேர்கிறது. அசல் தோட்டாவில் தாள் சுற்றிய குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே, அட்டைகளுக்கிடையில் தேன்மெழுகுத் தட்டு ஒன்று இருந்தது. மசகைத் தோட்டாவுக்குள்ளேயே வைத்துக் கட்டினார்கள். பின்னர் துப்பாக்கி வடிவமைப்பாளர் மெட்ஃபோர்டு, குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டும் வரிகளை ஆழமில்லாமல், முனை மழுங்கியதாக வகுத்ததும் கசடு தங்கக் கூடாது என்பதற்காகத்தான். 1888இல் லீ–மெட்ஃபோர்டு படைத் துப்பாக்கி அப்படி வந்தது.

துடைகோல்:
உங்கள் கையில் இருப்பது ஹென்றியின் வரி, மெட்ஃபோர்டின் வரி இல்லையே. தட்டை வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டு மட்டும் வைத்து ஒரு தொகுதி, தட்டோடு துடைத்து ஒரு தொகுதி சுட்டு, இரண்டு இலக்குத் தாள்களையும் இங்கே போடுங்கள்.

புதியவர்:
கொஞ்சம் புகையில்லா மருந்தைக் கலந்தால் கசடு குறையும் என்று கேள்விப்பட்டேன். செய்யலாமா?

உப்பும் கரியும்:
வேண்டவே வேண்டாம். குறைவது உண்மை. ஆனால் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது உங்கள் கையில் இல்லை, அந்தப் பழைய எஃகின் உள்நிலையும் உங்களுக்குத் தெரியாது. கசடைத் தண்ணீரில் கழுவிவிடலாம், வெடித்த பின்வாயை ஒட்டவைக்க முடியாது.

கழுவும்போது எண்ணெயை முதலில் ஊற்றாதீர்கள். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் அது துருவை வளர்க்கும். முதலில் சாதாரணத் தண்ணீர், துணி வெளுப்பாக வரும்வரை. நன்றாக உலர்த்திய பிறகே எண்ணெய்.

துடைகோல்:
கொதிநீர் என்று சொல்லுங்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்கு அப்படித்தானே கற்பித்தார்கள்? சூடான இரும்பு தானே உலரும்.

உப்பும் கரியும்:
உலரும்போதே செம்மண் நிறத்தில் மெல்லிய துரு பூக்கவும் செய்யும். கரைவதற்குப் பச்சைத் தண்ணீரே போதும், ஐயா. பித்தளை உறைகளையும் அன்று மாலையே சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். மறுநாள் வரை விட்டால் பச்சைக் களிம்பு பிடித்துவிடும்.