சியாட்டிலில் வீடு பார்க்கும்போது பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்பதையும் பாருங்கள்

குழந்தைகளோடு சியாட்டிலுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தப் பள்ளிக்கு ரேட்டிங் அதிகம்?" என்றுதான். ரேட்டிங் பாருங்கள், தப்பில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள், இங்கே இப்போது பல விஷயங்களை முடிவு செய்வது அதுதான்.

2019-ல் சியாட்டில் பொதுப் பள்ளிகளில் 53,000 பேருக்கு மேல் படித்தார்கள். கோவிட் சமயத்தில் பலர் தனியார் பள்ளிக்கும் வெளியூருக்கும் போனார்கள், பிறப்பும் குறைந்துகொண்டே வருகிறது, நகரத்துக்குள் வாடகையோ குடும்பஸ்தர்களுக்குக் கட்டுப்படியாவதில்லை. எண்ணிக்கை 50,000 பக்கம் இறங்கிவிட்டது. மாநில அரசு தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துத்தான் பணம் தருகிறது, அதனால் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியரும் குறைவார்கள்.

2024-ல் சுமார் 10 கோடி டாலர் பற்றாக்குறை என்று சொல்லி 20 தொடக்கப் பள்ளிகள் வரை மூடத் திட்டம் போட்டார்கள். பெற்றோர் விடவில்லை. அக்டோபரில் அது 4 ஆனது, நவம்பரில் அந்த 4-ஐயும் கைவிட்டார்கள். ஆனால் பள்ளிகளை மூட நினைத்த காரணம் அப்படியே இருக்கிறது, அதனால் பிள்ளைகள் ரொம்பக் குறைந்த பள்ளியை நம்பி வீடு வாங்கும்முன் நன்றாக யோசியுங்கள். வாடகை என்றால் இவ்வளவு கவலை வேண்டாம். பக்கத்து நகரமான பெல்வியூ பக்கம் போனால் இந்தத் தொல்லை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அங்கேயும் 2023-ல் ஈஸ்ட்கேட், வில்பர்ட்டன் தொடக்கப் பள்ளிகளை மூட முடிவெடுத்தார்கள்.

அப்புறம், பள்ளி திறக்கிற வாரம் வரை பதிவைத் தள்ளிப் போடாதீர்கள். செப்டம்பரில் தலை எண்ணிய பிறகு, எதிர்பார்த்ததைவிடப் பிள்ளைகள் குறைவாக இருந்தால் ஆசிரியரை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டு வகுப்புகளை மாற்றி அமைப்பதுண்டு, பழகிய டீச்சரை விட்டு அக்டோபரில் வேறு வகுப்புக்குப் போவது புதிதாக நாடு மாறி வந்த குழந்தைக்குப் பெரிய கஷ்டம். உங்கள் முகவரிக்கு உரிய பள்ளியில் இடம் உண்டு, வேறு பள்ளி வேண்டுமென்றால்தான் காத்திருப்போர் பட்டியல். முகவரிச் சான்று, பிறப்புச் சான்று, ஊரில் போட்ட தடுப்பூசி விவரம் எல்லாம் கையில் வைத்திருங்கள். வீட்டில் பேசும் மொழி என்ன என்று படிவத்தில் கேட்பார்கள், தமிழ் என்றே எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு உதவி தேவையா என்று சோதித்துப் பார்ப்பார்கள், தேவையென்றால் அந்த உதவிக்குத் தனிக் கட்டணம் கிடையாது.