பேண்ட்சா நடுவில் கீழே இறங்குகிறது – அவசர உதவி தேவை

தோப்புக்காரர்:
வணக்கம். தோப்புக்கே கொண்டுபோய் மரம் அறுக்கக்கூடிய இலகுவான பேண்ட்சா (இரண்டு சக்கரங்களில் பட்டைவாள் சுற்றி ஓடும் அறுவை இயந்திரம்) ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். இரண்டு நாட்களாக ஒரு பலகைகூட நேராக வரவில்லை. வாள் நடுவில் கீழே இறங்கி, முடிவில் தானாகவே மேலே ஏறிவிடுகிறது. வாள் புதியது. நாளை மறுநாள் கூரைக்குக் கைமரம் தருவதாக ஆசாரியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

அரம்:
என்ன மரம், வாளின் அகலம் என்ன, பல்லுக்குப் பல் எவ்வளவு இடைவெளி, வாளை நேராகப் பிடிக்கும் கைடு ரோலர் அதை எவ்வளவு கீழே அழுத்துகிறது என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. தென்னையாக இருந்தால் வாள்தான் குற்றவாளி என்று இப்போதே சொல்லிவிடுவேன். தென்னையின் வெளிச்சுற்று வைரம் பாய்ந்து கல்லைப்போல் இருக்கும், உட்பகுதியோ மென்மையான சோறாக இருக்கும். அதிலுள்ள மணற்சத்து பல்லின் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய வாள் தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். புதிய வாள் என்பது காலையில் புதியதா, மாலையிலும் புதியதா?

தோப்புக்காரர்:
தென்னைதான். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். வாள் 32 மி.மீ. அகலம், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான தடிப்பு, பல் இடைவெளி 22 மி.மீ. 12 அடிக் கட்டைகளை இரண்டங்குலப் பலகையாக அறுத்து, பிறகு சட்டமாகக் கிழிக்கிறோம்.

முறுக்கி:
வாளின் இழுவிசையை எப்படி வைக்கிறீர்கள்? இலகு இயந்திரங்கள் பலவற்றில் எடையும் விலையும் குறையட்டும் என்று வெறும் திருகாணியை வைத்து, இடையில் ஸ்பிரிங் போடாமல் விட்டுவிடுகிறார்கள். 4 மீட்டர் சுற்றுள்ள எஃகு வாள் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.4 மி.மீ. நீளும். அதை விறைப்பாக வைத்திருக்கும் இழுப்போ மொத்தமே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். ஆக, காலையில் முறுக்கிய இழுவிசையில் பாதி பத்தாவது நிமிடத்தில் போயிருக்கும். திருகாணியின் கீழே பெல்வில் வாஷர் (ஸ்பிரிங்போல் அமுங்கும் குழிந்த வாஷர்) நான்கைந்தை அடுக்கிப் பாருங்கள். வாளைக் குளிர்விக்க அதன்மீது தண்ணீர் சொட்டுகிறதா என்பதையும் எழுதுங்கள்.

பழைய ஃபிட்டர்:
அளவு சொல்லாத கேள்விக்கு அனுமானமே பதிலாகக் கிடைக்கும் என்று இங்கே எத்தனை முறை எழுதினாலும் யாரும் படிப்பதில்லை. வாளின் தடிப்பு சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது வாள்பட்டறையில் முதல் நாள் கற்றுத்தரும் பாடம். உங்கள் சக்கரம் 19 அங்குலம், அதாவது 483 மி.மீ.யாகத்தான் இருக்கும், அதற்கு அரை மில்லிமீட்டர் வாளே பொருந்தும். நீங்கள் அதைப்போல் இரு மடங்கு தடித்த வாளை மாட்டியிருக்கிறீர்கள். இது இயந்திரமல்ல, விளையாட்டுப் பொருள்.

முறுக்கி:
ஐயா, அந்த விதி வாள் விரிசல் விடுவதைப் பற்றியது, கோணலாக ஓடுவதைப் பற்றியதன்று. நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் 4 மீட்டர் வாள் ஆறு சுற்றுக்கு மேல் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வளைவதால், ஒரு மணி நேரத்தில் 45,000 வளைவு ஆகிறது. சிறிய சக்கரத்தில் பல்லடியில் விரிசல் சீக்கிரம் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தென்னையை அறுப்பவருக்கு வாள் சோர்ந்து அறுவதற்கு முன்பே பல் தேய்ந்து தீர்ந்துவிடும். பெரிய சக்கரம் வைத்தால் வாளும் சக்கரமும் உள்ள தலைப்பகுதியின் எடை கூடும், இரண்டு ஆள் தூக்க முடியாது, பிறகு தோப்புக்குக் கொண்டுபோவது எப்படி?

பழைய ஃபிட்டர்:
மரத்தை மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். மில்லை மரத்துக்கு அல்ல.

பேராவூரணி:
2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, சாய்ந்து கிடந்த தென்னைகளை மில்லுக்கு ஏற்றும் கூலி மரத்தின் விலையைவிட அதிகமாக இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் தோப்பில் பாதி மரம் கிடந்த இடத்திலேயே மட்கியது. ஆகையால் இதை விளையாட்டுப் பொருள் என்று சொல்லிவிட முடியாது. வட்டவாள் ஐந்தாறு மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும் இடத்தில் இந்த வாள் இரண்டு மில்லிமீட்டர்தான் தின்கிறது.

அரம்:
சக்கரத்தை விட்டுவிடுங்கள், ஐயா. தோப்புக்காரரே, பல்லைச் சாணை பிடித்தீர்களா?

நூல்மட்டம்:
எல்லோரும் வாளையே பார்க்கிறீர்கள். நான் ஒன்று மட்டும் கேட்கிறேன்: பலகையின் தடிப்பு இரு முனையிலும் நடுவிலும் ஒன்றாக இருக்கிறதா, மாறுகிறதா? வாள் அலைந்தால் தடிப்பு கன்னாபின்னாவென்று மாறும்; ஒரு பலகையைப்போல் மறுபலகை இருக்காது. தலைப்பகுதி ஓடும் தண்டவாளம் நடுவில் தொய்ந்திருந்தால் ஒவ்வொரு வெட்டும் ஒரே வளைவில் போகும், ஆகவே பலகைகள் சம தடிப்பில் வளைந்து வரும். கட்டையைத் தாங்கும் குறுக்குத் தாங்கிகளின்மேல் கிடக்கும் கடைசிப் பலகை மட்டும் நடுவில் மெலியும். இயந்திரத்தின் இலகுவான அடிச்சட்டம் தனக்கென்று விறைப்பு வைத்துக்கொள்வதில்லை, அதை அடியிலுள்ள மண்ணிடமிருந்து கடன் வாங்குகிறது. எந்த மண்ணில், எதன்மேல் நிறுத்தியிருக்கிறீர்கள்?

தோப்புக்காரர்:
அளந்தேன். பலகைகள் எங்கும் இரண்டங்குலம்தான். ஒவ்வொரு கட்டையிலும் கடைசிப் பலகை நடுவில் 5 மி.மீ. மெலிந்திருக்கிறது. தண்டவாளம் இரண்டு துண்டு, நடுவில் நான்கு போல்ட்டில் இணைப்பு. தண்டவாளத்தின் ஒவ்வொரு காலுக்கடியிலும் ஒரு செங்கல். சென்ற வாரம் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சியிருந்தோம். அது இதற்குச் சம்பந்தமில்லை என்று நினைத்து எழுதவில்லை.

நூல்மட்டம்:
சம்பந்தம் அதுதான். இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கட்டையும், அதன்மேல் ஓடும் தலைப்பகுதியும் ஈர மண்ணிலுள்ள ஒற்றைச் செங்கலை அழுத்துகின்றன. கட்டையை ஏற்றியபின் குனிந்து, நடுத் தாங்கிக்கும் கட்டைக்கும் இடையே பாருங்கள். வண்டிச்சாவி நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரியும். சட்டம் தொய்ந்துவிட்டது, விறைப்பான கட்டையோ தொய்யாமல் இரு முனைத் தாங்கிகளில் பாலம்போல் நிற்கிறது. இரு தண்டவாளத்துக்கும் தனித்தனியாக முனைக்கு முனை தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, இணைப்பின் அடியில் அகலமான பலகையைக் கிடத்தி, ஆப்பு வைத்து நிமிர்த்துங்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்பதைக் கொத்தனாரின் தண்ணீர் டியூப் மட்டத்தால் பாருங்கள். கட்டையை ஏற்றிய பிறகு நரம்பை மறுபடி பார்க்க வேண்டும். வெறும் சட்டத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

பழைய ஃபிட்டர்:
சட்டத்தைக் கனமான இரும்புச் சேனலில் செய்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

தோப்புக்காரர்:
சாவி நுழைந்தது. ஆப்பு வைத்தேன், கடைசிப் பலகையும் இப்போது இரண்டங்குலம். ஆசாரி வந்துவிட்டார். நன்றி.

முறுக்கி:
ஸ்பிரிங் இருக்கிறதா இல்லையா என்பதைக் கடைசிவரை நீங்கள் சொல்லவேயில்லையே?