ஃபைவ் ஸ்பாட் 1961: டால்ஃபி, லிட்டில் ஐவர் குழுவை எதைப் பற்றிக்கொண்டு கேட்பது?

கேள்வி:
சாக்ஸஃபோன் கலைஞர் எரிக் டால்ஃபியும் ட்ரம்பெட் கலைஞர் புக்கர் லிட்டிலும் முன்னின்ற ஐவர் ஜாஸ் குழு, 1961 ஜூலை 16 அன்று நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் வாசித்த நேரடிப் பதிவைக் கேட்டு வருகிறேன். இதை ஃப்ரீ ஜாஸ் (முன்வகுத்த கட்டமைப்பைத் தளர்த்தி வாசிக்கும் பாணி) என்போரும் உண்டு, போஸ்ட்-பாப் (கட்டமைப்பைக் காத்தபடியே புதுமை தேடும் பாணி) என்போரும் உண்டு. தொடக்க மெட்டு தெளிவாக இருக்கிறது. ஆனால் டால்ஃபி தனியாக வாசிக்கத் தொடங்கியதும் பாடலில் எங்கே இருக்கிறோம் என்பதே பிடிபடுவதில்லை. பியானோவின் சுருதி விலகி ஒலிப்பதும் திட்டமிட்டதுதானா?

மறுமொழி 1:
சுருதி விலகல் திட்டமிட்டதன்று. அன்று மேடையில் இருந்த பியானோவின் நிலை அது. அதைப் பொருட்படுத்தாமல் பியானோ கலைஞர் மால் வால்ட்ரனின் கைகளைக் கவனியுங்கள். அவருடைய ‘ஃபயர் வால்ட்ஸ்’ மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தது. டால்ஃபியின் ஆல்டோ சாக்ஸஃபோன் தாழ்ந்த சுரத்திலிருந்து எட்டாத உயரத்துக்குத் தாவும்போதும், வால்ட்ரன் சிறுசிறு இசைத்தொடர்களைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பாடலின் சுற்றை, அதாவது மீண்டும் மீண்டும் வரும் அதன் அடிப்படை அமைப்பை, காத்துக்கொண்டே இருக்கிறார். ரிச்சர்ட் டேவிஸின் பேஸை (தாழ்சுரத் தந்திக்கருவி) மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை கேட்டால், டால்ஃபி அந்தச் சுற்றை விட்டு வெளியேறவே இல்லை என்பது விளங்கும்.

மறுமொழி 2:
முந்தைய நண்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் ஃப்ரீ ஜாஸ் என்ற பெயரும் காரணமின்றி வந்ததன்று. 1960 டிசம்பர் 21 அன்று சாக்ஸஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ பதிவில் டால்ஃபியும் இந்த ஐவர் குழுவின் டிரம்ஸ் கலைஞர் எட் பிளாக்வெல்லும் வாசித்தார்கள். அதே நாளில் டால்ஃபி, லிட்டிலுடன் சேர்ந்து, கட்டமைப்பு மிகுந்த ‘ஃபார் க்ரை’ என்ற இசைத்தட்டையும் பதிவு செய்தார். இரண்டு வழிகளும் அவருக்குள் ஒருசேர இருந்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கோல்மனின் அந்தப் பதிவில் பியானோவே கிடையாது. இங்கே பியானோ இருப்பதால்தான் டால்ஃபியின் விலகல்கள் இத்தனை கூர்மையாகக் கேட்கின்றன என்பது என் கருத்து.

மறுமொழி 3:
பேஸைவிட லிட்டிலின் ட்ரம்பெட்டிலிருந்து தொடங்குவதே எளிது என்பேன். அவர் இயற்றிய ‘பீ வேம்ப்’பில் டால்ஃபி பேஸ் கிளாரினெட் (தாழ்சுரக் கிளாரினெட்) வாசிக்கிறார், கருவியின் கரகரப்பும் கீச்சொலியும் சேர்ந்து முதலில் திகைக்க வைக்கும். லிட்டிலோ ஒவ்வொரு சுரத்தையும் தெளிவாக நிறுத்தி, இசைவுக்கும் முரணுக்கும் இடைப்பட்ட சுரங்களைத் துயரம் தோய்ந்த குரலில் பாடவைக்கிறார். அவரைக் கேட்டுப் பழகிய செவிக்கு டால்ஃபியின் தாவல்களும் மெல்ல மெல்லப் பொருள்படும். இருபது நிமிடத்துக்கு மேல் நீளும் ‘தி ப்ராஃபெட்’டை அதன் பிறகு கேளுங்கள். 1961 அக்டோபர் 5 அன்று, 23 வயதிலேயே, லிட்டில் காலமானார். எனவே இந்தக் கூட்டணி எதுவரை சென்றிருக்கும் என்பதை அறிய, அந்த ஓர் இரவின் மற்ற பதிவுகளையும் விடாமல் தேடிக் கேட்கவேண்டும்.