ட்ரோன் தாக்குதல் தரவு: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, பயங்கரவாத எதிர்ப்புக் கொள்கை, அதில் அமெரிக்காவின் ட்ரோன் தாக்குதல்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. 2001 செப்டம்பரில், 9/11 தாக்குதலுக்குக் காரணமானவர்கள்மீது படைபலத்தைப் பயன்படுத்த அமெரிக்கக் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது. அந்த ஒரே தீர்மானத்தைக் காட்டி அடுத்தடுத்து வந்த அரசுகள் ஏமன், சோமாலியா என்று போர்க்களத்தை நீட்டிக்கொண்டே போயின. சரி, சட்டப் பகுதி எழுதியாகிவிட்டது.

சிக்கல் எண்ணிக்கையில். ஒபாமாவின் 2013 நெறிமுறை, பொதுமக்கள் சாகமாட்டார்கள் என்று ஏறக்குறைய உறுதியானால்தான் தாக்கலாம் என்றது. அதற்குப்பின் களத்தில் ஏதாவது மாறியதா என்பதுதான் என் கேள்வி. ஆப்கானிஸ்தான், இராக், சிரியா தவிர்த்த இடங்களில் 2009 முதல் 2015 வரை 473 தாக்குதல்கள், அதில் போராளி அல்லாதவர் சாவு 64 முதல் 116 வரை என்று 2016இல் அமெரிக்க அரசு கணக்குக் கொடுத்தது. அதே காலத்துக்கு லண்டனில் உள்ள புலனாய்வு இதழியல் பணியகம் சொன்னது 380 முதல் 801. இவ்வளவு பெரிய இடைவெளியை வைத்துக்கொண்டு வரைபடம் போட்டால் நெறியாளர் கிழித்துத் தொங்கவிடுவார்.

இந்த மாதிரித் தரவைக் கையாண்டவர்கள் இருந்தால், குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்தீர்களா, வேறு முறை உண்டா? அப்புறம், ஏமன் அரபுச் செய்திகளைப் படித்துக் குறித்துத் தரக்கூடியவர் யாரும் இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். சராசரி எடுத்துவிடு என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.