விடுமுறைக்குப் பின் தஞ்சாவூர் ஓவியத்தில் கை ஓடவில்லை

கேள்வி: 6 ஆண்டுகளாகத் தஞ்சாவூர் ஓவியம் வரைகிறேன். மே மாதம் 12 நாள் மூணாறு போய் வந்ததிலிருந்து பலகையைத் தொடவே மனம் வரவில்லை. வெண்ணெய்க் கண்ணன் பாதியில் நிற்கிறான். துணி ஒட்டி, கோடு வரைந்து, ஜெய்ப்பூர் கற்களும் பதித்தாகிவிட்டது. மக்கு வேலையும் (மாவுக் குழம்பால் புடைப்பாக வடிவம் எழுப்புவது) தங்கரேக்கும் (மெல்லிய தங்கத்தாள் ஒட்டுவது) பாக்கி. கரைத்து வைத்த மக்கு கிண்ணத்தில் கல்லாக இறுகிக் கிடக்கிறது. அதைப் பார்த்தாலே அழுகை வருகிறது. என்ன செய்வது?

பதில் 1: முதலில் அந்தக் கிண்ணத்தைக் கழுவிவிடுங்கள். இறுகிய மக்கைத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் காய்ந்ததும் வெடிக்கும். சுக்கான் (சுண்ணாம்புக்கல்) மாவும் கோந்தும் சேர்த்துப் புதிதாகக் குழையுங்கள். படத்தின் தூண் வளைவில் மக்கால் ஒரு வரிசை முத்துப் புள்ளிகள் மட்டும் வையுங்கள். மனம் வராவிட்டாலும் விரலுக்கு அந்த வேலை நினைவிருக்கும்.

பதில் 2: எனக்கும் பிரசவத்துக்குப் பின் இப்படித்தான் இருந்தது. 3 மாதம் காகிதத்தில் கண்கள் மட்டுமே வரைந்தேன்.

கேட்டவர்: கிண்ணத்தைக் கழுவிவிட்டேன். இன்று 11 முத்துகள் வைத்தேன். இரண்டு கோணல், ஈரத்திலேயே வழித்தெடுத்து மறுபடி வைத்தேன். நாளை இடப்பக்கத் தூண்.